உன் எதிரில் நின்றவன்

நேற்று மத்தியானம் மருமகள் தையல் மிஷினைப் பிரித்து எண்ணெய் போட்டாள். நான் கூடத்தில் நாற்காலியில் கண்ணயர்ந்திருந்தேன். அந்த எண்ணெய் வாசனை மூக்கில் ஏறியதும் திடுக்கிட்டு எழுந்துவிட்டேன். "என்னாங்க மாமா, கெட்ட கனாவா?" என்றாள். இல்லையென்று தலையாட்டினேன். அவளுக்கு எப்படிச் சொல்வது? நீ அந்த எண்ணெயைத் துணியில் தொட்டு வாளைத் துடைத்தால், கொஞ்ச நேரத்தில் யாரோ ஒருவர் உன் எதிரில் வாளோடு நிற்கப் போகிறார் என்று அர்த்தம். எத்தனையோ வருஷம் பழகியும் என் உடம்பு அந்த வாசனைக்குப் பயப்படுவதை விடவில்லை. நீ போய் வருஷம் திரும்பிவிட்டது. இன்னமும் அப்படித்தான்.

நீ என் மாமன் மகள். மாமாவுக்குப் பெங்களூர்ப் பட்டாளத்தில், உடற்பயிற்சிக் கூடத்தில் வேலை. வெள்ளைக்கார அதிகாரிகளுக்கு வாள்வீச்சு சொல்லிக்கொடுத்த ஒரு சார்ஜெண்டுக்கு அவர் உதவியாள். தாயில்லாத நீ அந்தக் கூடத்தின் மூலையில்தான் வளர்ந்தாய். சார்ஜெண்ட் விளையாட்டாக உன் கையில் ஒரு மெல்லிய வாளைக் கொடுத்தாராம். கல்யாணத்துக்கு முந்தின வருஷம் கண்டோன்மெண்டில் நடந்த பெண்கள் போட்டியில் துரைசானிகளுக்கு நடுவே இரண்டாவதாக வந்திருந்தாய். இதெல்லாம் எனக்குப் பிற்பாடு தெரிந்தது. "புள்ள கொஞ்சம் வெளையாட்டுக்காரி" என்று மட்டும்தான் மாமா சொல்லியிருந்தார். நான் பாண்டி ஆடுகிற விளையாட்டு என்று நினைத்துக்கொண்டேன்.

அப்போது எனக்குப் பொம்மிடி ஸ்டேஷனில் டிக்கெட் கொடுக்கும் வேலை. ரயில்வே குடியிருப்பில் ஒற்றை அறையும் சமையலறையும். நீ வந்த மறுநாள் ஆத்தா உன் டிரங்குப் பெட்டியை ஒழித்து வைக்கத் திறந்தவள் போட்ட சத்தத்தில் பிளாட்பாரத்தில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"டேய், இங்க வாடா! மருமவ பொட்டியில கத்தி கொண்டாந்திருக்கா!"

நீ பதறவே இல்லை. "கத்தி இல்லீங்க அத்தை. இது வெட்டாது. பாருங்க" என்று சொல்லி, முனையில் மொட்டு மாதிரி இருந்த குமிழை உன் உள்ளங்கையில் வைத்து அழுத்தினாய். வாள் வில்லாக வளைந்தது. ஆத்தா அப்படியே சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். சாயந்திரம் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சட்டையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "சோத்துல உப்பு பத்தலைன்னாலும் வாயத் தொறக்காத, சாமி."

எனக்குப் பயப்படத் தனியாக யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வேகமாக வரும் ரயிலென்றாலே எனக்குப் பயம். ஸ்டேஷனில் சம்பளம் வாங்கிக்கொண்டு இதை யாரிடம் சொல்ல முடியும்? மெயில் நிற்காமல் கடந்து போகும்போது, டிக்கெட் ஜன்னலுக்கு உட்பக்கம் இருந்துகொண்டே கம்பியை இறுகப் பிடித்துக்கொள்வேன். நீ வந்த ஒரு வாரத்துக்குள் அதைக் கண்டுபிடித்துவிட்டாய். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்தவள் ஜன்னல் கம்பியில் வெளுத்துப்போன என் விரல்களைப் பார்த்தாய். சிரிக்கவில்லை. "பயப்படறவங்க கண்ணு நல்லாப் பாக்குங்க" என்று மட்டும் சொன்னாய்.

கூட்ஸ் ஷெட்டுக்குப் பின்னால் ஒரு மரத்தில் வைக்கோல் மூட்டையைக் கட்டித் தொங்கவிட்டு நீ பழகினாய். புடவையை வரிந்து கட்டிக்கொண்டு, வலது கால் முன்னே, இடது கை பின்னே உயர்ந்திருக்க, ஒரே பாய்ச்சல். சித்தேரி மலையிலிருந்து புளி ஏற்றி வந்த வண்டிக்காரர்கள் மாட்டை நிறுத்திவிட்டுப் பார்ப்பார்கள். ஊர் என்ன பேசுமோ, ஸ்டேஷன் மாஸ்டர் என்ன எழுதிப் போடுவாரோ என்று நான் உள்ளேயிருந்து நடுங்கிக்கொண்டிருப்பேன். நீயோ வியர்வையைத் துடைத்துக்கொண்டு வந்து உலை வைப்பாய்.

வருஷத்துக்கு ஒரு தடவை ஜோலார்பேட்டை போய் வண்டி மாறிப் பெங்களூர்ப் போட்டிக்குப் போவோம். உன் ஆட்டத்தை நான் முதன்முதலில் பார்த்த நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பார்த்தேன் என்று சொல்வதுகூடத் தப்பு. கண்ணை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தேன். கழுத்துவரை பொத்தானிட்ட கெட்டியான வெள்ளைச் சட்டை, முகத்தை மூடிய கம்பிவலை. உள்ளே இருப்பது நீதானா என்றுகூடத் தெரியவில்லை. மாமா பக்கத்திலிருந்து காதில் சொல்லிக்கொண்டே வந்தார். எதிராளியின் உடம்பில் வாள்முனை முதலில் நாலு தடவை பட்டால் ஜெயம். படுவதைப் பார்த்துச் சொல்ல நாலு பக்கமும் ஆட்கள் நிற்பார்கள். அவர்கள் கண்ணுக்குத் தப்பினால், பட்டவரே கையைத் தூக்கிச் சொல்லிவிட வேண்டும்.

இரண்டாம் தடவை போனபோது நீ அப்படிச் சொல்லித்தான் தோற்றாய். கடைசித் தொடுகை. நாலு பேரும் தலையை ஆட்டிவிட்டார்கள், படவில்லை என்று. நீ இடது கையைத் தூக்கினாய். திரும்பி வரும்போது வண்டியில் எனக்குப் பொறுக்கவில்லை.

"யாருமே பாக்கலியே. எதுக்குச் சொன்ன?"

"எனக்குத் தெரியுமில்லீங்க" என்றாய். ஜன்னல் வழியே எதையோ பார்த்துக்கொண்டே.

இப்படியே நாலைந்து வருஷம் போனது. பையன் பிறந்தான். யுத்தம் வந்தது. நாற்பத்திரண்டாம் வருஷம் தலைவர்களையெல்லாம் பிடித்து உள்ளே போட்ட சமயம், சேலம் போகிற பாதையில் யாரோ தண்டவாள இணைப்பைக் கழற்றிவிட்டார்கள். ஒரு கூட்ஸ் வண்டி தடம் புரண்டது. போலீஸ் முதலில் ரயில்வேக்காரன் வீடுகளைத்தான் சோதனை போட்டது. டிக்கெட் கிழித்துக்கொடுக்கிறவனுக்கும் தண்டவாளத்துக்கும் என்ன சம்பந்தம் என்று என்னை நானே தேற்றிக்கொண்டிருந்தேன். நம் வீட்டில் கட்டிலுக்கு அடியில் என்ன இருக்கிறது என்பது நினைவுக்கு வந்தபோது சப்-இன்ஸ்பெக்டர் வாசலில் நின்றுகொண்டிருந்தார்.

துணிச் சுருளைப் பிரித்தார்கள். இரண்டு வாள், இரண்டு முகமூடி.

"இது என்னய்யா?"

நீதான் முன்னால் வந்தாய். "என்னுதுங்க. வெளையாடறது. மொனையில மொட்டு இருக்குது பாருங்க. இதுல ஒரு முருங்கக்காகூட அறுக்க முடியாதுங்க."

அவர் உன்னைப் பார்க்கவே இல்லை. என்னைத்தான் பார்த்தார். "தண்டவாளம் கழட்டினவனுங்க முகமூடி போட்டுக்கிட்டு வந்தானுங்கன்னு சொல்றாங்க. உன் வீட்டுல முகமூடியும் இருக்கு, வாளும் இருக்கு. நடய்யா."

லாக்கப்பில் அன்று இரவை எப்படிக் கழித்தேன் என்று நீ கேட்டதில்லை, நானும் சொன்னதில்லை. விடிந்து வெயில் ஏறியதும் நீ வந்தாய். பையனை ஆத்தாவிடம் விட்டுவிட்டுத் தனியாக நடந்தே வந்திருந்தாய். புழுதியில் உன் கால் முழங்கால்வரை வெளுத்திருந்தது. கம்பிக்கு இந்தப் பக்கமிருந்து எனக்கு முற்றம் முழுக்கத் தெரிந்தது. சப்-இன்ஸ்பெக்டர் வேப்பமரத்து நிழலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார்.

"வெளையாட்டுன்னு சொன்னியே. எங்க, வெளையாடிக் காட்டு, பாப்போம்."

ஒரு வாளை எடுத்து உன் முன்னால் மண்ணில் போட்டார். பிறகு வாட்டசாட்டமான ஒரு கான்ஸ்டபிளைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவன் லத்தியோடு வந்து நின்றான். நம் பக்கத்து ஆள்தான். முகத்தில் அவனுக்கும் கலவரம்.

"ஐயா, பொம்பளைங்க. பட்டுறப் போவுதுங்க."

"படட்டும்."

"அந்த முகமூடியக் குடுங்க" என்று கேட்டாய்.

"அது சாட்சிப் பொருள்" என்றார்.

நான் கத்தினேன். என் குரல் எனக்கே வேறு யாருடைய குரலோ போலக் கேட்டது. "வேணாங்கய்யா! என்னா வேணுமின்னாலும் எழுதிக் குடுத்துடறேனுங்க! அவளை வுட்டுடுங்க!" எழுதிக்கொடுத்திருப்பேன். சேலத்துக்கும் ஜோலார்பேட்டைக்கும் நடுவிலுள்ள தண்டவாளம் முழுக்க நான்தான் பெயர்த்தேன் என்று எழுதச் சொல்லியிருந்தாலும் எழுதியிருப்பேன். நீ திரும்பி என்னைப் பார்த்து, "பேடா" என்றாய். பெங்களூரில் பழகிய கன்னடச் சொல். வேண்டாம் என்று நீ அப்படிச் சொல்லிவிட்டால் அதற்கு மேல் என்னிடம் பேச்சு கிடையாது.

அவன் லத்தியை ஓங்கினான். நீ நகர்ந்ததே தெரியவில்லை. லத்தி காற்றில் இறங்கியபோது உன் வாள்முனை அவன் மார்ப் பொத்தானில் ஊன்றி வளைந்து நின்றது. சுற்றி நின்றவர்கள் ஓவென்று கத்தினார்கள். மறுபடியும் ஓங்கினான். இந்தத் தடவை வாள் அவன் இடுப்பு பெல்ட்டில் பட்டது. யாரோ சிரித்தார்கள். அந்தச் சிரிப்புதான் வினையாகிவிட்டது. அவன் முகம் கறுத்தது. மேலிருந்து அடிப்பதை விட்டுவிட்டுப் பக்கவாட்டில் வீசினான். நீ பின்வாங்கினாய், ஆனால் முழுசாக இல்லை.

அந்தச் சத்தம், விறகுச் சுள்ளி ஒடிகிற மாதிரி. உன் இடது புருவத்திலிருந்து ரத்தம் கன்னத்தில் இறங்கியது. நான் கம்பியைப் பிடித்தபடியே சரிந்து உட்கார்ந்துவிட்டேன். வேட்டி நனைந்துவிட்டது. இதையும் உன்னிடம் சொன்னதில்லை. உனக்குத் தெரிந்திருக்கும்.

நீ இரண்டு எட்டு தள்ளாடினாய். நின்றாய். இடது கையைத் தூக்கினாய்.

"பட்டுடுச்சுங்க" என்றாய்.

கான்ஸ்டபிளின் கையிலிருந்து லத்தி தானாகக் கீழே விழுந்தது. நீ ஒற்றைக் கண்ணைத் திறந்துகொண்டு மறுபடியும் வலது காலை முன்னே வைத்து நின்றாய். "இன்னும் இருக்குதுங்களா?"

சப்-இன்ஸ்பெக்டர் நாற்காலியை விட்டு எழுந்தார். பிறகு, "போதும். அந்தம்மாவுக்குத் தண்ணி குடுங்கய்யா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். மத்தியானத்துக்குள் என்னை விட்டார்கள். வண்டி தடம் புரண்ட அன்று நான் வேலையில் இருந்ததைக் கூட்ஸ் ஷெட் ஆட்கள் வந்து சொல்லியிருந்தார்கள். அதனால் விட்டாரா, உன்னைப் பார்த்தபின் விட்டாரா, இன்றுவரை எனக்குத் தெரியாது. வாளையும் முகமூடியையும் திருப்பிக் கொடுத்தபோது என் முகத்தைப் பார்க்காமல் கொடுத்தார்.

வீட்டுக்கு நடந்தே வந்தோம். நீ முந்தானையைக் கண்ணோரம் அழுத்திப் பிடித்திருந்தாய். ரொம்ப தூரம் வந்தபிறகு சொன்னாய்: "அந்த லத்திக்காரருக்கு நல்ல கை வேகமுங்க. பழக்கினா தேறிடுவாரு."

அந்த வருஷக் கடைசியில் பெங்களூரில் யுத்த நிதிக்காகப் போட்டி வைத்தார்கள். நான் போகவேண்டாம் என்று கெஞ்சினேன். உன் கண்ணில் சிவப்பு இன்னும் முழுக்கக் கரையவில்லை. "இப்பப் போவலைன்னா அந்த அடி என்னை நிறுத்திட்டதா ஆயிடுங்க" என்றாய். போனோம். கடைசி ஆட்டத்தில் உன் எதிரில் ஒரு மேஜரின் மனைவி. உன்னைவிட ஒரு முழம் உயரம், அதற்கு முந்தைய வருஷமெல்லாம் அவள்தான் சாம்பியன். மூன்றுக்கு மூன்று என்று வந்து நின்றது. அன்று நான் கண்ணை மூடவில்லை. முகமூடி இல்லாமல் உன்னைப் பார்த்துவிட்டவன் நான். அவள் பாய்ந்தாள். நீ அவள் வாளை ஓரம் தள்ளிவிட்டு, அவசரமே இல்லாமல், கதவுக்குத் தாழ் போடுவது போல முனையை அவள் தோளுக்குக் கீழே வைத்தாய். அவளே கையைத் தூக்கிவிட்டாள்.

கோப்பையைக் கொடுக்கும்போது உன் பெயரைச் சொல்லவில்லை, என் பெயருக்கு முன்னால் மிஸஸ் போட்டு வாசித்தார்கள். என் பெயரை அப்படிக் குதறி ஒருவர் வாசித்து அதற்கு அத்தனை பேர் கைதட்டியது அந்த ஒரு நாள்தான். மாமா அழுதார். வீடு வந்ததும் ஆத்தா கோப்பையை வாங்கிப் பார்த்துவிட்டு, அரிசி அளக்க ஆகுமா என்று கேட்டாள்.

அதற்குப் பிறகு நாலு வருஷம் உன்னை யாரும் ஜெயிக்கவில்லை. பிறகு வெள்ளைக்காரர்கள் மூட்டை கட்டினார்கள். சுதந்திரம் வந்த வருஷம் போட்டிக்கு நீயும் இன்னொருத்தியும் மட்டும்தான் வந்தீர்கள். அடுத்த வருஷம் உன்னைத் தவிர ஆளே இல்லை. மேஜரின் மனைவி கப்பல் ஏறும் முன்னால் தன் கையுறையை உனக்குக் கொடுத்துவிட்டுப் போனாள். ஊரே மத்தாப்பு கொளுத்திய அந்த நாட்களில் நீ மட்டும் ஏதோ துக்கவீட்டுக்காரி போல நடமாடினாய். கொடி ஏற்றிய அன்று நீயும்தான் மிட்டாய் வாங்கிப் பையனுக்குக் கொடுத்தாய். ஆனால் உன் எதிரில் நிற்க ஆளில்லாமல் போய்விட்டது. அதை யாரிடம் போய்ச் சொல்ல முடியும்?

மரத்தடி மூட்டையையும் நீ விட்டுவிட்டாய். "மூட்டை திருப்பிக் குத்தாதுங்க" என்றாய். சாப்பாடு குறைந்தது. பேச்சு குறைந்தது. வாளோடு நீ நின்றதற்கெல்லாம் பயந்தவன், நீ சும்மா உட்கார்ந்திருந்ததற்கு அதைவிடப் பயந்தேன். ஒரு சாயந்திரம் என் வாயிலிருந்து அது வந்துவிட்டது.

"நான் நிக்கறேன்."

"நீங்களா?"

"அதான் ரெண்டு முகமூடி இருக்குதில்ல."

முதல் நாள் நான் ஓடிவிட்டேன். கம்பிவலைக்குள் என் மூச்சே எனக்குப் பெருஞ்சத்தமாகக் கேட்டது. தினமும் சோறு போடுகிற நீ, எதிரில் முகமில்லாமல் நின்றாய். நீ ஒரு காலை எடுத்து வைத்ததும் நான் திரும்பிக் கூட்ஸ் ஷெட் சுவர்வரை ஓடினேன். நீ கூப்பிடவில்லை. அங்கேயே நின்றாய். நானே திரும்பி வந்தேன். மறுநாளும் ஓடினேன். ஒரு மாதம் கழித்து ஓடாமல் நின்றேன். மார்பெல்லாம் நாவல்பழ நிறத்தில் கன்றிப்போனது. ஆத்தா மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டே கேட்டாள்: "ஏண்டா, சோத்துல உப்பு பத்தலைன்னு சொல்லித் தொலைச்சிட்டியா?"

ஒரு வருஷத்துக்கு மேலாகியும் ஒரு தடவைகூட உன்னைத் தொட முடியவில்லை. "ஒருக்கா எனக்கும் வுட்டுக்குடேன்" என்று கேட்டுப் பார்த்தேன். "வுட்டுக்குடுத்தா அது சண்டையே இல்லீங்க" என்று முடித்துவிட்டாய்.

அதனால்தான் அந்த நாள் எனக்கு அப்படி ஆயிற்று. மழை விட்டு வெளிச்சம் தெளிந்திருந்த சாயந்திரம். நான் எப்போதும்போலக் குருட்டாம்போக்கில் கையை நீட்டினேன். வாள் எதிலோ தடுக்கி வளைந்தது. உன் இடது விலாவில் என் முனை. நீ கையைத் தூக்கி, "பட்டுடுச்சுங்க" என்றாய். நான் சின்னப் பையன் மாதிரி குதித்தேன். இரண்டு குதி குதித்திருப்பேன். பிறகு கால் அப்படியே நின்றுவிட்டது. நீ விட்டுக்கொடுக்கிறவள் இல்லை. நான் அவ்வளவு தேறிவிடவும் இல்லை. அப்படியானால் இது எப்படிப் பட்டது?

முகமூடியைக் கழற்றிவிட்டு உன் முகமூடியையும் கழற்றினேன். உன் இடப்பக்கமாக விரலை மெல்ல ஆட்டினேன். உன் விழி அசையவில்லை.

"எத்தினி நாளா?"

"கொஞ்ச நாளாத்தாங்க. பொகை மாதிரி இருக்குது. போயிடும்னு நெனச்சேன்."

சேலத்தில் கண் டாக்டர் விளக்கைப் பிடித்து நெடுநேரம் பார்த்தார். எப்போதாவது பலமான அடி பட்டதா என்று கேட்டார். நான் வாயைத் திறக்குமுன் நீ, "வெளையாட்டுலங்க" என்றாய். உள்ளே பாழாகிவிட்டது, இனி அந்தக் கண்ணுக்குச் செய்ய ஒன்றுமில்லை, இன்னொன்றைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளுங்கள் என்றார். வண்டியில் வரும்போது நான் உன் கையை விடவில்லை. மற்றக் கண்ணும் போய்விட்டால் என்ற நினைப்பு, கூடவே ஓடிவரும் தந்திக் கம்பி மாதிரி ஜன்னலோடு வந்துகொண்டே இருந்தது.

ஒரு வாரம் கழித்து வீட்டில் எண்ணெய் வாசனை வந்தது.

"டாக்டரு என்னா சொன்னாரு?" என்றேன்.

"முகமூடி போட்டுத்தானுங்க." பிறகு என்னைப் பார்த்துச் சொன்னாய்: "இனிமே இடப்பக்கமாவே வாங்க. தெரியாத பக்கமா வந்தாத்தான் நான் பழக முடியும்."

உனக்குத் தெரியாத பக்கத்திலிருந்து உன்னைக் குத்த வேண்டும். எனக்கு வாழ்நாளில் வந்த பயங்களையெல்லாம் ஒன்றாகக் கட்டினாலும் அதற்கு ஈடாகாது. அப்படியும் வந்தேன். முதல் மாதம் எல்லாம் பட்டது. ஒவ்வொன்றுக்கும் கையைத் தூக்கினாய். பிறகு ஒன்றிரண்டைத் தள்ளிவிட்டாய். பிறகு பாதியை. கொஞ்ச காலத்தில் பழையபடி எதுவுமே படவில்லை. எனக்கு அது மாயம் மாதிரி இருந்தது. எப்படி என்று கேட்டேன்.

நீ வாளைத் துடைத்துக்கொண்டிருந்தாய். "நீங்க வர்றதுக்கு முந்தி மூச்சை இழுத்துப் புடிச்சுக்கறீங்க. பயந்துக்கிட்டா உங்களுக்கு அப்பிடித்தான் ஆவுது. அது எனக்குக் கேக்குதுங்க."

அதன்பிறகு நீ எந்தப் போட்டிக்கும் போகவில்லை. கோப்பையில் ஆத்தா அரிசி அளந்தாள், அவளுக்குப் பின் நீ அளந்தாய். ஆனால் முழங்கால் மடங்குகிறவரை வாரத்துக்கு இரண்டு நாள் நாம் எதிரெதிரே நின்றோம். பெங்களூரில் உனக்குக் கைதட்டியவர்கள் யாரும் பார்க்காத ஆட்டம் அது. அதில்தான் நீ ரொம்ப நன்றாக ஆடினாய். பார்த்தவன் நான் ஒருவன்தான்.

கண் போனதிலிருந்து தெருவில் உன் இடப்பக்கமாகவே நடந்தேன். காரிமங்கலம் சந்தைக் கூட்டத்திலும், தர்மபுரி பஸ் ஸ்டாண்டிலும், போன வருஷம் நாலு நாள் காய்ச்சலில் உன்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போன அன்றும். நீ திரும்பி வரவில்லை. எனக்கு நடை மாறவில்லை. இன்றும் கடைக்குப் போகும்போது வலப்பக்கம் ஓர் ஆள் அகலம் விட்டுத்தான் நடக்கிறேன். பின்னாலிருந்து லாரி ஹாரன் அடித்தால் பயத்தில் மூச்சு தானாக நின்றுவிடுகிறது. லாரி போய்விடும். நான் மூச்சை உடனே விடுவதில்லை. இழுத்துப் பிடித்தபடியே கொஞ்ச நேரம் நிற்கிறேன், உனக்குக் கேட்கட்டும் என்று.